அம்மா உட்கார்ந்த பெஞ்சு

“ஏழு மணிக்கு மேல போனா அந்தக் கடைல சட்னிகூட மிஞ்சாதுடி” என்று அம்மா முதல் நாள் இரவே சொல்லிவிட்டாள். அதனால் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே நங்கநல்லூரில் கிளம்பினோம். அம்மா, நான், என் கணவர், கல்லூரி சேரப்போகும் மகள், ஒன்பதாவது படிக்கும் மகன். தண்டையார்பேட்டையில் ஒரு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும், சாப்பிட வேண்டும், எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வேண்டும், சாயங்காலம் பர்மா நூடுல்ஸான அத்தோ தின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். திட்டம் மகளுடையது. வடசென்னைச் சாப்பாட்டு வீடியோக்களைப் பார்த்து அவள் ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தாள். அந்தப் பட்டியலில் இருந்த தெருக்களில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அவள் அங்கே வந்தது இரண்டு சாவுக்கும் ஒரு கல்யாணத்துக்கும்தான்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அப்பா போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். அதற்கு முன் நாற்பத்தாறு வருஷம் தண்டையார்பேட்டையில் குடியிருந்தவள். எந்தச் சந்தில் எந்தக் கடை, எது எப்போது திறக்கும், யார் கடையில் எண்ணெய் நன்றாக இருக்கும் என்று எல்லாம் தெரிந்தவள். ஆனால் அந்த நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு கடை பெஞ்சிலும் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இது எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது. கூடவே இருந்தும் அதுவரை நான் கவனிக்காதது என்னை இன்னும் உறுத்துகிறது.

2021 பிப்ரவரியில் மெட்ரோவை வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர் நீட்டினார்கள். இப்போது நங்கநல்லூரில் ஏறினால் எங்கும் மாறாமல் தண்டையார்பேட்டையில் தரைக்கு அடியில் இறங்கலாம். படியேறி வெளியே வந்தால் டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் நெடுஞ்சாலை. அம்மா ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இருட்டுச் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். “இப்ப மேல இன்னா இருக்கும்? ஐகோர்ட்டா, மண்ணடியா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

எங்கள் சிறுவயதில் ‘வெளியே கூட்டிட்டுப் போறது’ என்றால் தெற்கே போவது என்றுதான் அர்த்தம். உயிர்க் காலேஜ் என்கிற மிருகக்காட்சி சாலை, செத்த காலேஜ் என்கிற மியூசியம், மூர் மார்க்கெட், மெரினா. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் குடியிருந்துகொண்டு, கடல் பார்க்க பஸ் ஏறி மெரினாவுக்குப் போவோம். எங்கள் பக்கத்துக் கடலில் உட்கார மணல் கிடையாது. கருங்கல்லைக் கொட்டி வைத்திருப்பார்கள். அலை அதில் வந்து மோதும். அது இயற்கை என்றே நினைத்திருந்தேன். நம் கரையோரம் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது என்றும், 1870-களில் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிவிட்டது என்றும் பிற்பாடு படித்தேன். தேங்கிய மணலை ஒட்டி 1884-ல் ஆளுநர் கிரான்ட் டஃப் உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்றது. கடல் ராயபுரத்துக் கரையை அரித்து உள்ளே வந்தது. கருங்கல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சுண்டல் பொட்டலத்தோடு நாங்கள் உட்கார்ந்திருந்த மணல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய மணல். என் மகனுக்கு இதைச் சொன்னபோது அவன் உடனே, “அப்ப ஹார்பரை ஏன் இங்க கட்டுனாங்க?” என்றான். இந்த நகரத்தில் வேலைக்கான இடம் எது, இளைப்பாறுவதற்கான இடம் எது என்பதை யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அவனுக்குச் சொல்ல என்னிடம் இருந்த பதில் அவ்வளவுதான்.

இட்லிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு இருபது. அதைக் கடை என்று சொல்வதற்கு ஒரு பலகைகூடக் கிடையாது. ஒரு வீட்டு வாசற்படி. படியை ஒட்டி அடுப்பு, இட்லிக் குண்டான், வடகறிச் சட்டி, சட்னி வாளி. எதிரே சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. நடத்துகிறவள் அம்மாவைவிடச் சற்று வயது குறைந்த ஒரு பெண்மணி. அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட எல்லாக் கடைக்கும் பெயர் ஒன்றுதான், ஆயா கடை. நாலரைக்கு அடுப்பு மூட்டி ஏழு மணிக்குக் குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். “பத்து மணி வரைக்கும் வச்சா இன்னும் நெறைய விக்குமே, ஏன் மூடறாங்க?” என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. நங்கநல்லூரில் இட்லிக்குப் பசிக்கும் நேரம் எட்டரை, ஒன்பது.

இந்த ஊரின் கடைகளுக்கு நேரம் குறித்தது ஆலைச் சங்கு. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. இன்று ஒரு மெட்ரோ நிலையத்துக்கு அதன் பெயர். 1946-ல் அதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1948-ல் தொடங்கி எண்ணூரில் ஆலை வைத்த மோட்டார் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. 1955-ல் என்ஃபீல்டு வந்தது. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கி, 2017-ல் ஓய்ந்தது. துறைமுகமும் எண்ணெய்க் கிடங்குகளும் இவற்றோடு சேர்த்தி. மூன்று ஷிஃப்ட்: காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவன் ஐந்து மணிக்குச் சாப்பிட வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் ஆறேகாலுக்கு வந்து நிற்பான். இந்த இரண்டு பசிக்கும் நடுவில் இந்த இட்லி வெந்தது. அதேபோல மதியத்துக்கு ஒரு மணிச் சாப்பாடு, ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவும் போட்டி வறுவலும். ஆலைகள் சில மூடிவிட்டன, சில இடம் மாறிவிட்டன, இருப்பவற்றிலும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கடை மட்டும் பழைய சங்கின் நேரத்தை விடவில்லை. அன்று பெஞ்சில் இருந்தவர்கள் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டிரைவர்கள், மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள், முதுகில் பெரிய பை மாட்டிய உணவு டெலிவரிப் பையன் ஒருவன்.

எங்களைப் பார்த்ததும் இரண்டு டிரைவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். என் கணவரும் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அம்மா நின்றாள். “ஒக்காரும்மா” என்று கடைக்கார அம்மாவும் சொன்னார். “பரவால்லமா, நின்னுக்கறேன்” என்று அம்மா தட்டை வாங்கிக்கொண்டு சுவரோரம் போனாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி, முந்தானையால் தட்டைக் கொஞ்சம் மறைத்து, இரண்டு இட்லியை வேகமாகத் தின்று முடித்தாள். தண்ணீரையும் சுவரைப் பார்த்துத்தான் குடித்தாள்.

“ஏன்மா நின்ன?” என்று போகிற வழியில் கேட்டேன்.

“பழக்கமில்லடி. ஊட்ல அடுப்பு கீறப்ப பொம்பள கடைல ஒக்காந்து துண்ணா, நாலு பேரு இன்னா நெனைப்பான்?”

“அப்பாகூட வந்து சாப்பிட்டதில்லையா?”

“உங்கப்பா வந்து சாப்பிடுவாரு. உங்களுக்கு ஜுரம் வந்தா நான் தூக்கு எடுத்துட்டு வந்து நாலு இட்லி வாங்கினு போவேன். அவ்வளோதான்.”

எனக்கு அந்தத் தூக்கு ஞாபகம் இருந்தது. அலுமினியத் தூக்கு, மூடியில் ஒரு நசுங்கல். அதைத் தூக்கிக்கொண்டு நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். அடுப்புக்குப் பின்னால் எப்போதும் பெண்கள் இருந்தார்கள். தூக்கோடு நின்றவர்களில் பாதிப்பேர் பெண்கள். பெஞ்சில் மட்டும் பெண்கள் யாரும் இருந்ததாக நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் ஒரு பெண் முகம் வரவில்லை.

கடை பெஞ்சில் யார் உட்காரலாம் என்பது தமிழ்நாட்டில் பல பேர் அடிபட்டுப் பெற்ற விஷயம். சாப்பாட்டுக் கடைகளில் சாதிக்கு ஒரு பக்கம் என்று தடுத்து வைத்திருந்த காலம் இருந்தது. திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தியது 1957-ல். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆன பிறகு. பலகைகள் இறங்கின. ஆண்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அது பெரிய காரியம். சிறுமைப்படுத்திச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பெண்களுக்கு அந்த ஓட்டல்கள் கொடுத்தது ‘ஃபேமிலி ரூம்’. துணித் திரை போட்ட, மின்விசிறி சரியாகச் சுற்றாத, நாலு பேர் முட்டி இடிக்க உட்காரும் தடுப்பு. கூட ஓர் ஆண் வந்தால்தான் அதற்குள்ளும் போக முடியும். நடைபாதைக் கடையில் அந்தத் திரையும் இல்லை.

மகளின் பட்டியலில் அடுத்தது காசிமேடு. போகிற வழியில் மகன் தண்டையார்பேட்டை என்ற பெயரின் காரணம் கேட்டான். ராயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு, ராமநாதபுரத்துத் தொண்டியிலிருந்து வந்தவர். தொண்டியார் இருந்த பேட்டை என்று அம்மா சொன்னாள். அவள் சின்ன வயதில் கேட்ட கதை. மஸ்தான் சாகிபு வாழ்ந்தது 1792 முதல் 1838 வரை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1693-ல் கொடுக்கப்பட்ட ஊர்களில் எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் இருந்தது. கணக்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் அம்மாவைத் திருத்த எனக்கு மனமில்லை. எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒருவரின் பெயரைத் தன் பெயர் என்று ஓர் ஊர் நம்பிக்கொண்டிருப்பது நல்ல விஷயம்தான்.

காசிமேட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வீடியோக்களில் எல்லோரும் பார்த்ததுதான். ஏலம் முடிந்துவிட்டிருந்தது. வஞ்சிரம், சங்கரா, எறா, கடம்பா எல்லாம் தார்பாயில் குவிந்து கிடந்தன. வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதம் இங்கே மீன் வறுக்கும் சட்டிகளும் பாதி கவிழ்ந்திருக்கும் என்று அம்மா பிள்ளைகளுக்குச் சொன்னாள். மீன் வெட்டும் பெண்கள் ஈரத் தரையில் ஒரு பலகைத் துண்டு மேல் குந்தியிருந்தார்கள். விடியுமுன் வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் சங்கராவை வெட்டிக்கொண்டே, இடது கையால் பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து பழைய சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வலது கை கத்தியை விடவில்லை. மகள் கைப்பேசியை உயர்த்தினாள். பிறகு அவளாகவே இறக்கிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கழுவிய மீனைப் பக்கத்திலேயே மசாலா தடவி வறுத்துத் தரும் கடையில் கொடுத்தோம். அங்கே நின்றுதான் சாப்பிட வேண்டும், எல்லோரும். அம்மாவுக்கு அது சௌகரியமாக இருந்தது.

வண்ணாரப்பேட்டைக்கு ஆட்டோவில் திரும்பும்போது ஸ்டான்லி ஆஸ்பத்திரியைத் தாண்டினோம். “இங்கதான் நீ பொறந்த” என்று அம்மா சொன்னாள். 1938-ல் மருத்துவக் கல்லூரியான, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய இடம் அது. ஆனால் எங்கள் பாட்டி காலத்து ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1782-ல் ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டிய பஞ்சத்தில் ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் இங்கேதான் இருந்தது. சத்திரத்தின் தொட்டியில் தொடங்கியது ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஊருக்குச் சோறு போடுவதில் இந்தப் பகுதிக்கு ஒரு நீண்ட வழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க 1920-ல் சென்னை மாநகராட்சியில் தீர்மானம் கொண்டுவந்த பிட்டி தியாகராயர் வண்ணாரப்பேட்டைக்காரர். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் என்பது கணக்கு. ஆயிரம்விளக்குப் பள்ளியில் அது தொடங்கியது. 2013-ல் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியை இன்றும் பெண்கள் குழுக்கள்தான் ஆக்கிப் போடுகின்றன. கஞ்சி ஊற்றியவர்கள், தோசை வார்த்தவர்கள், சத்துணவு ஆயாக்கள் என்று கரண்டி பிடித்த கைகளை வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தேன். அவர்கள் எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று ஒரு பதிவும் நான் படித்ததில்லை.

எம்.சி. ரோடு. கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துத் தந்த வண்ணார்களின் பேட்டை இது. முந்நூறு வருஷம் கழிந்தும் இந்த மண்ணில் வியாபாரம் துணிதான். தீபாவளிக்கு முன் வந்தால் நடக்க வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். சாதாரண சனிக்கிழமையிலும் நல்ல நெரிசல். அம்மா இங்கே வேறு ஆளாகிவிட்டாள். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “இது ஒரே தோப்புல சாயம் போயிடும்” என்று ஒதுக்கினாள். விலையைப் பாதியாகக் கேட்டாள். மகளுக்கு மூன்று சுடிதார் துணி, மகனுக்குச் சட்டை, எனக்கு ஒரு சுங்குடி, தனக்கு ஒன்றும் வேண்டாம்.

அப்படி ஒரு கடையில் எங்களுக்குப் புடவை எடுத்துப் போட்ட பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். எங்கள் எல்லோருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டாள். அம்மாவை வற்புறுத்தி உட்கார வைத்தாள். முக்கால் மணி நேரம் எடுத்துப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றாள். “காலைலேருந்து நிக்கிறியாம்மா?” என்று அம்மா கேட்டாள். “ஒம்போதரைலேருந்து ஆயா. பழகிடுச்சு” என்றாள்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியது 2021-ல். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. துணிக்கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடி வாங்கியது அது. உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருக்கிறது என்பதே எவ்வளவு நாள் நிற்க வைத்திருக்கிறோம் என்பதற்குச் சாட்சி. அந்தக் கடையிலும் கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பிரிக்காத புடவைக் கட்டு இரண்டு அடுக்கியிருந்தார்கள். அம்மா அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பில் போடும்போது, “அந்தக் கட்டைக் கீழ எறக்கி வச்சிட்டு நீ செத்த ஒக்காரேம்மா” என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கல்லாப் பக்கம் பார்த்தாள். உட்காரவில்லை.

காலையில் சுவரைப் பார்த்து நின்று தின்றவள் சொன்ன வார்த்தை அது. அவளுக்கு மற்றவர்களின் கால்வலி தெரிகிறது. தன் காலைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மதிய வெயிலில் கொஞ்ச நேரம் டி.எச். ரோட்டில் நடந்தோம். அகஸ்தியா தியேட்டர் இருந்த இடத்தை அம்மா காட்டினாள். 2020-ல், கொரோனா முடக்கத்தோடு அதை நிரந்தரமாக மூடினார்கள். அம்மா வீட்டுக்கு வெளியே நிம்மதியாக உட்கார்ந்த இடங்கள் மூன்று என்று எண்ணிச் சொல்லலாம்: திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் பிராகாரம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தா, இந்தத் தியேட்டர். தியேட்டரில் மட்டும் மூன்று மணி நேரம் யாரும் அவளை எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் எந்தப் படமானாலும் போனாள் போலிருக்கிறது.

அந்த ரோட்டிலேயே ஒரு டீக்கடையில் தண்ணீர் கேட்டபோது, கேன் தண்ணீர்தான் கொடுத்தார்கள். இங்கே சமையலுக்கும் கேன்தான். 2013-ல் இந்தச் சாலையை ஒட்டிய வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எரிபொருள் கலந்து வந்தது. துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் நிலத்தடிக் குழாயில் கசிவு. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எங்கள் சொந்தக்காரர் வீட்டில் வாளித் தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய் மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊரின் பெட்ரோல் பங்குகள் எல்லாம் நிரம்புவதற்காக இந்த மண்ணுக்கு அடியில் குழாய் ஓடுகிறது. குடம் பிடித்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு நிற்கிறவர்கள் இந்த மண்ணின் பெண்கள். அங்கேயும் நிற்பதுதான். வடசென்னைக்குச் சாப்பிட வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வரட்டும். ருசியைப் பார்க்கிற கண் இந்தத் தண்ணீர்க் கேனையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது என் ஆசை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தோ கடை திறந்தது. மகளின் பட்டியலில் சிவப்பு மையால் எழுதியது இது. ஒரு தள்ளுவண்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் மலை, மெல்லியதாக அரிந்த கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், நொறுக்கிப் போடப் பேஜோ என்கிற மொறுமொறுத் தட்டை. வண்டியைச் சுற்றி ஸ்டூல்களும் ஒரு பெஞ்சும். நடத்துகிற அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய அப்பா ரங்கூனிலிருந்து வந்தவர். பர்மிய மொழியில் அத்தோ என்றால் கலந்தது, கையால் பிசைந்தது. அவர் பிசைவதைப் பார்த்தால் அந்தச் சொல் விளங்கும். ஒரு கிண்ணத்தில் எல்லாவற்றையும் போட்டு, எலுமிச்சை பிழிந்து, நாலு விரலும் கட்டை விரலும் சேர்ந்து ஒரு சுழற்று. ஒரு தட்டுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இந்தத் தட்டுக்குப் பின்னால் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது, ஆனாலும் சொல்லாமல் இருக்கக் கூடாது. 1962-ல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்தவர்கள், வயல் உழுதவர்கள், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் கப்பலேறி இந்தச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சேர்த்த சொத்தைக் கொண்டுவர விடவில்லை. அரசாங்கம் முகாமும் கடனும் கொடுத்தது. 1969-ல் பர்மா பஜார் வந்தது. பலர் துறைமுகத்தை விட்டு வெகுதூரம் போகவில்லை. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, கடற்கரை நிலையத்துப் பக்கம் என்று தங்கிவிட்டார்கள். சுங்கச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்ள முடியாத ஒன்று அவர்களிடம் இருந்தது, இந்தக் கைப்பக்குவம். அதை வண்டியில் வைத்து விற்றார்கள்.

அப்பாவுக்கு இது உயிர். மதிய ஷிஃப்ட் இல்லாத நாட்களில் சாயங்காலம் சிநேகிதர்களோடு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, முட்டை மசாலாவோடு ஒரு தட்டு சாப்பிடுவார். மாதத்துக்கு ஒருமுறை வாழை இலையில் மடித்துப் பார்சல் வாங்கி வருவார். வீட்டுக்கு வருவதற்குள் பேஜோ நமுத்துப்போகும். சூப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்கள், அதுவும் ஆறியிருக்கும். எங்களுக்குப் பங்கு வைத்தது போக, இலையில் ஒட்டியிருப்பதை அம்மா வழித்துத் தின்பாள். அவளுக்குத் தெரிந்த அத்தோ அதுதான்.

“ஆயா, இங்க வாங்க, ஒக்காருங்க” என்று கடைக்கார அக்கா பெஞ்சில் இருந்த பையன்களை ஒரு பார்வை பார்த்தார். பையன்கள் நகர்ந்தார்கள். அம்மா வழக்கம்போல, “இல்லமா, நின்னுக்கறேன்” என்றாள்.

“நிக்கறவங்களுக்கு சூப்பு கெடையாது ஆயா” என்றார் அக்கா. முகத்தில் சிரிப்பே இல்லாமல், கண்டிப்பாகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது தற்செயலா, காலையிலிருந்து நான் பார்த்ததை இவரும் இத்தனை வருஷம் அடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாரா என்று தெரியவில்லை.

என் மகள் ஆயாவின் கையைப் பிடித்தாள். நங்கநல்லூரில் ‘பாட்டி’ என்று கூப்பிடுகிறவள், காலையிலிருந்து எல்லோரும் சொல்லக் கேட்டு ஆயா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தாள். “ஒக்காரு ஆயா. நானும் ஒக்கார்றேன்.” அம்மா ஒரு கணம் டி.எச். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாளோ என்னவோ. பிறகு பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்கார்ந்தாள்.

தட்டு வந்தது. முதல் கவளத்தை வாயில் போட்டதும், “கரகரன்னு கீதே!” என்றாள். பேஜோ. நாற்பத்தாறு வருஷம் நமுத்ததையே தின்றவள். பிறகு பேசவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பெஞ்சில் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். சாலையைப் பார்த்தபடி, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தபடி, ஒவ்வொரு நூடுல்ஸ் இழையாக எடுத்துச் சாப்பிட்டாள். வாழைத்தண்டுச் சூப்பு கிண்ணத்தில் ஆவி பறந்தது. அதை ஊதி ஊதிக் குடித்தாள். தீர்ந்ததும் அக்கா கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேலை முடிந்து வந்த நாலைந்து பேர் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் நின்றார்கள். என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பைகளை எடுத்துக்கொண்டு, “போலாமாம்மா? ஆளுங்க நிக்கிறாங்க” என்றேன்.

“இருடி” என்றாள் அம்மா, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி. “சூப்பு இன்னும் கீது.”